வலிக்கும் இடம் வேறு, வலியின் வேர் வேறு

கேள்வி: டாக்டர் ஐயா, நான் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை செய்கிறேன். வயது 41. நான்கு மாதமாக இடது பக்கம் பின்முதுகில், விலாவுக்குக் கீழே வலி விட்டுவிட்டு வருகிறது. சில நாள் அது இறங்கி இடது விரையில் இழுக்கிறது. முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து, லேசான தேய்மானம் என்றார்கள். விரைப்பையை ஸ்கேன் செய்ததில் ஒன்றும் இல்லை. கடைசியாக, ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். வெளியில் சொல்லவும் வெட்கம். என்னதான் காரணம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மரக்காணம்.

பதில்: வெட்கத்தை ஒதுக்கிவிட்டு எழுதியது நல்லது. கடிதத்தை மட்டும் வைத்து இதுதான் நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. உங்களுக்குச் செய்த இரண்டு சோதனைகளும் வலிக்கிற இடத்தை மட்டுமே பார்த்திருக்கின்றன. சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் யாரும் பார்க்கவில்லை.

கருவில் விரை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு அருகில்தான். பிறகுதான் விரைப்பைக்கு இறங்குகிறது. அதனால் இரண்டுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. சிறுநீர்க்குழாயில் கல் சிக்கினால், விரையில் ஒரு குறையும் இல்லாமலேயே விரை வலிக்கும். மடை அடைத்துக்கொள்வது மேலே, வாடுவது கடைமடை வயல் என்பது போலத்தான்.

உங்கள் தொழிலும் அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. வெயிலில் உடம்பின் நீர் வியர்வையாகப் போனால் சிறுநீர் சுண்டும். பாத்தியில் நீர் சுண்டினால் உப்பு விளைவது போல, சுண்டிய சிறுநீரில் கல் விளையும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரியவந்தது.

முதல் வேலை, வலி மாத்திரையை நிறுத்துங்கள். டைக்ளோபினாக் போன்றவை, நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையே கெடுக்கும். அடுத்து, அரசு மருத்துவமனையில் சிறுநீர்ச் சோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன் மூன்றையும் கேளுங்கள். குழாயில் சிக்கிய சின்னக் கல் சாதாரண ஸ்கேனில் தப்பிவிடலாம். சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். 5 மி.மீ.க்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும்.

போகும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, சிறுநீர் சிவக்கிறதா, எரிகிறதா, குனிந்து தூக்கும்போது கூடுகிறதா? கல் வலி அலை அலையாக வரும். எப்படிப் படுத்தாலும் அடங்காது. குனிந்து நிமிர்ந்தால் கூடும் வலி முதுகு நரம்பிலிருந்து வரலாம். இருமினால் தொடையிடுக்கு புடைத்தால் குடலிறக்கம். கல் இல்லை என்று தெரிந்தால் இவற்றைத் தேட வேண்டும். எங்கும் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் வலி பொய்யாகிவிடாது. அதற்கும் மருத்துவம் உண்டு.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென விரை கடுமையாக வலித்து வீங்கினால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விரையை இழக்க நேரிடும். வலியில்லாத கட்டி தென்பட்டாலும் உடனே காட்டுங்கள்.

வேலையின்போது கால் மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும், அதுதான் அளவு. எலுமிச்சைச் சாறு நல்லது. வாழைத்தண்டுச் சாறும் குடிக்கலாம். ஆனால் அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

உடன் வேலை செய்யும் பெண்களிடமும் சொல்லுங்கள். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இதே கல் அவர்களுக்கும் வரும். உப்பளத்தில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்; அதுவும் மருத்துவம்தான்.