கடிக்கிற நாயும் கத்தரிக்கோலும்

வீடு தேடி வந்து முடி வெட்டும் வழக்கம் நமது பட்டணங்களில் மனிதர்களைப் பொறுத்தவரையில் அநேகமாக மறைந்துவிட்டது. அந்தப் பாக்கியம் இப்பொழுது நாய்களுக்குக் கிடைத்திருக்கிறது. சென்னை போன்ற நகரங்களில் தண்ணீர்த் தொட்டி, மேஜை, உலர்த்தும் யந்திரம் முதலிய சகல சாமக்கிரியைகளுடனும் ஒரு வண்டி வாசலில் வந்து நிற்கிறது. அதிலிருந்து ஓர் இளைஞர் இறங்குகிறார். ஸ்நானம் செய்வித்து, சிக்கெடுத்து, ரோமத்தைக் கத்தரித்து, காதைத் துடைத்து, நகத்தையும் வெட்டிவிட்டுப் போகிறார். இதற்குக் 'குரூமிங்' என்று பெயர், செய்பவர் 'குரூமர்'. இவ்வளவு உபசாரங்களையும் பெற்றுக்கொள்ளும் நாய் நன்றியுடன் வாலை ஆட்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பல நாய்கள் ஆட்டத்தான் செய்கின்றன. சில நாய்கள் கடிக்கின்றன.

கடிப்பதைப் பற்றி நமக்கு அவ்வளவு ஆச்சரியம் இல்லை. கடிக்கும் என்று தெரிந்த வீட்டுக்காரர்கள் அதை மறைப்பதுதான் நமக்கு ஆச்சரியமாயிருக்கிறது.

"அம்மா, கடிக்குமா?" என்று குரூமர் கேட்கிறார்.

"சேச்சே! எங்கள் ராஜா குழந்தை மாதிரி. நீங்கள் தைரியமாகத் தொடுங்கள், தம்பி!" என்று பதில் வருகிறது.

சென்ற தடவை வந்தவரின் கையில் ராஜா நான்கு பற்களைப் பதித்த சமாசாரம் அந்தப் பதிலில் இடம்பெறுவதில்லை. உண்மையைச் சொன்னால் அவர் வந்த வழியே திரும்பிவிடுவாரோ என்ற பயந்தான் காரணம். ஆனால் அந்த இளைஞருக்குப் பத்து விரல்களே மூலதனம் என்பதை நேயர்கள் யோசிக்க வேண்டும். ஒரு விரலில் தையல் போட்டால் பல நாட்களுக்கு அவருக்குக் கத்தரிக்கோல் இல்லை. கத்தரிக்கோல் இல்லையேல் கூலியும் இல்லை.

நஷ்டம் அவரோடு நிற்பதும் இல்லை. இரண்டு பேரைக் கடித்த நாய்க்கு மூன்றாவது குரூமர் அகப்படுவது கஷ்டம். கவனிப்பாரில்லாத ரோமம் சடை பிடிக்கிறது. சடையின் அடியில் ஈரம் தங்கித் தோல் புண்ணாகிறது. புண்ணில் யார் கை பட்டாலும் நாய் மேலும் சீறுகிறது. நடுக்கூடத்தில் இருந்த நாய் மொட்டை மாடிக்குப் போகிறது. பிறகு ஒருநாள் அதைக் காரில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வரும் மகா பாதகமும் நடந்துவிடுகிறது. இத்தனைக்கும் ஆரம்பம், காலத்தில் கவனிக்கப்படாத ஒரு கடி.

நமது நாட்டு நாய்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றுக்கு ரோமம் குட்டை. ஈரத்துணியால் துடைத்து, நகத்தைக் கவனித்தால் அநேகமாகப் போதும். ஷிஹ் ட்ஸூ, லாஸா அப்ஸோ, பூடில் போன்ற ஜாதிகளின் விஷயம் வேறு. அவற்றின் ரோமம் ஓயாமல் வளர்வது. ஆகையால் அப்படிப்பட்ட நாயை வாங்குகிறவர் அதன் ஆயுள் முழுவதற்கும் சீப்பையும் கத்தரிக்கோலையும் சேர்த்தே வாங்குகிறார். கத்தரிக்கோலுக்குப் பழக்காமல் அத்தகைய நாயை வளர்ப்பது, பள்ளிக்கூடம் என்ற ஒன்று இருப்பதையே சொல்லாமல் குழந்தையை வளர்த்துவிட்டு, ஒருநாள் திடீரென்று வகுப்பில் தள்ளிக் கதவைச் சாத்துவது போன்றதாகும்.

நாய் ஏன் கடிக்கிறது? அதன் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். முன்பின் அறியாத ஒருவர் நம்மைத் தூக்கி வழுக்கும் மேஜைமேல் நிறுத்துகிறார். கழுத்தில் சுருக்குப் போட்டுக் கம்பியில் மாட்டுகிறார். காதருகில் ஒரு யந்திரம் இரைகிறது. மனிதன் செவிக்கு எட்டாத உச்ச ஒலிகளும் நாயின் செவிக்கு எட்டும். ஆகவே நமக்கு ரீங்காரமாக இருப்பது அதற்குப் பேரிரைச்சலாக இருக்கக்கூடும். பிறகு அந்த மனிதர் காலைப் பிடித்து இழுக்கிறார். நகத்தின் உள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. என்றோ ஒருநாள் அவசரத்தில் அதை வெட்டி இரத்தம் வந்திருந்தால், நாய் அந்த நாளை மறப்பதில்லை.

வலி என்பது இன்னொரு பெருங்காரணம். காதினுள் சீழ் வைத்திருக்கலாம்; பல் சொத்தையாயிருக்கலாம்; வயதான நாய்க்கு இடுப்பு மூட்டில் வாதம் இருக்கலாம். சடையைச் சீப்பால் இழுப்பது, தலைமயிரைப் பிடித்து இழுப்பதற்குச் சமானம். ஐந்தாறு வருஷம் சாதுவாக நின்ற நாய் திடீரென்று ஒருநாள் கடித்தால், அதற்குக் கெட்ட புத்தி வந்துவிட்டது என்று தீர்மானிப்பதற்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாயிடத்தில் கடி என்பது கடைசி வார்த்தை. அதற்கு முன்பே அது பல வார்த்தைகள் சொல்லிவிடுகிறது. உதட்டை நக்கிக்கொள்கிறது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை பார்க்கிறது, ஒரு முன்னங்காலைத் தூக்குகிறது, காதைப் பின்னுக்குச் சாய்க்கிறது, வாலைக் கால்களுக்கிடையில் மடக்குகிறது. பிறகு உடல் முழுவதும் கட்டைபோல் விறைக்கிறது. இந்த விறைப்பைப் பார்த்து, "அடடா, எவ்வளவு சமர்த்தாக நிற்கிறது!" என்று நாம் மெச்சுகிறோம். அதற்கடுத்தது உறுமல். அதையும் கேளாதவருக்குத்தான் பல்.

உறுமுகிற நாயை அடிப்பது நம் வீடுகளில் சகஜம். இதைப்போல் அபாயமான சிகிச்சை வேறொன்றும் இல்லை. அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை அது எச்சரிக்கை செய்யாமலே கடிக்கும். புகைந்தால் கூவும் மணியை உடைத்துவிட்டு, நெருப்பு அணைந்துவிட்டதென்று நிம்மதியடைவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உறுமல் கேட்டவுடன் கையை எடுத்துவிட வேண்டும். எந்த இடத்தைத் தொட்டபோது உறுமிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நிற்க. பரிகாரம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். முதற் பரிகாரம் காசு செலவில்லாதது. அதுதான் உண்மை. வண்டியை வரவழைக்கும்போதே, "எங்கள் நாய் கடிக்கும். பின்னங்காலைத் தொட்டால் கடிக்கும். காதைத் தொட்டால் உறுமும். சென்ற தடவை இன்னது நடந்தது" என்று விவரமாகச் சொல்லிவிட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். அனுபவமுள்ள குரூமர் ஓடிவிட மாட்டார். இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வருவார். சற்று அதிகக் கட்டணமும் கேட்பார். கொடுப்பதுதான் நியாயம். "எனக்கு இது முடியாது" என்று ஒருவர் சொன்னால், அவர் நமக்கு உபகாரம் செய்தவரே.

இரண்டாவது பரிகாரம் வீட்டில் நடக்க வேண்டியது. ருஷ்ய தேசத்து விஞ்ஞானி பாவ்லோவ், ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்குமுன் ஒரு சப்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு அந்தச் சப்தத்தைக் கேட்ட மாத்திரத்திலேயே வாயில் நீர் ஊறியது என்று அவர் காட்டினார். நாமும் அதையே செய்ய வேண்டும். கத்தரிக்கும் யந்திரத்தை ஓட்டாமல் நாயின் கண்ணில் காட்டி, உடனே அதற்குப் பிடித்த தீனி ஒரு துண்டு கொடுக்க வேண்டும். மாமிச உணவு உண்ணும் வீடானால் வெந்த கோழித் துண்டு. இல்லையானால் பனீர் துண்டு. (திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம்.) யந்திரம் மறைந்தால் தீனியும் மறைய வேண்டும். சில நாட்கள் கழித்து அடுத்த அறையில் யந்திரத்தை ஓட்டித் தீனி; பிறகு அதே அறையில்; பிறகு ஓடாத யந்திரத்தை முதுகில் தொட்டு; கடைசியில் ஓடும் யந்திரத்தைத் தொட்டு. நகமானால் நாளைக்கு ஒன்று.

இதில் இரண்டு விதிகள் உண்டு. சப்தம் முன்னால், தீனி பின்னால் வர வேண்டும். முறை மாறினால் தீனியைக் கண்டே நாய் சந்தேகப்படத் தொடங்கும். நாய் முகத்தைத் திருப்பினால் அன்றைய பாடம் முடிந்தது. மறுநாள் ஒருபடி இறங்கி ஆரம்பிக்க வேண்டும். தினம் ஐந்து நிமிஷம் போதும். ஆனால் வாரக் கணக்கில், சில நாய்களுக்கு மாதக் கணக்கில், விடாமல் செய்ய வேண்டும். குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் வேலை மிகவும் சுலபம். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரையில் குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். இக்காலத்து நல்ல மிருகக்காட்சி சாலைகளில், சிங்கமும் கரடியும் தாமாகவே கம்பியோரம் வந்து நின்று ஊசி போட்டுக்கொள்ளும்படி இதே முறையில் பழக்குகிறார்கள். அங்கே கட்டாயப்படுத்த வழியில்லாததால் பொறுமை பிறந்தது. நாய் சிறியது, அமுக்கிப் பிடித்துவிடலாம். நமது பொறுமையின்மைக்கு அதுவே காரணம். அமெரிக்கக் கால்நடை மருத்துவரான ஸோஃபியா யின் என்ற அம்மையார், நாயையும் பூனையையும் அச்சுறுத்தாமல் கையாளும் முறைகளை விளக்கி 2009-ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்.

பழக்கம் முற்றுப்பெறும் வரையில் குரூமரின் கைக்குப் பாதுகாப்பு வேண்டும் அல்லவா? அதற்குத்தான் வாய்க்கூடை. மாட்டுக்குக் கட்டும் வாய்க்கூடையை அறிந்த நமக்கு இது புதிதல்ல. கடைகளில் துணியாலான வாய்க்கட்டும் கிடைக்கிறது. அது வாயை இறுக மூடிவிடும். நாய் நம்மைப்போல் மேனி முழுவதும் வியர்த்து உஷ்ணத்தைப் போக்குவதில்லை; நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே போக்குகிறது. வெயிற்காலத்தில், உலர்த்தும் யந்திரத்தின் அனற்காற்றில், வாயைக் கட்டிய நாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம். கூடையானால் வாயைத் திறந்து இரைக்கலாம்; தண்ணீர் குடிக்கலாம்; சந்து வழியே தீனியும் வாங்கிக்கொள்ளலாம். அதையும் முன்கூட்டியே தீனி வைத்துப் பழக்கிவிட வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சே சிரமம். மருத்துவரைக் கேளாமல் அவற்றுக்கு எதையும் மாட்டலாகாது.

குரூமர் வரும் நாளில் காலையில் நாயை நன்றாக நடத்திக் கூட்டிவர வேண்டும். மேஜைமேல் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் பாதிப் பயம் தீரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். இன்று ஸ்நானம், அடுத்த வாரம் நகம் என்று பிரித்துக்கொள்ளலாம். நாய் மிரண்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பாதி வெட்டிய கோலத்தில் தெருவில் நடக்க நாய்க்கு வெட்கம் கிடையாது; வெட்கமெல்லாம் நமக்குத்தான்.

எதற்கும் அடங்காமல் நடுங்கிக் கடிக்கும் நாய்களும் உண்டு. அவற்றைக் குரூமரிடம் விடுவதே தவறு. பயத்தைத் தணிக்கும் மாத்திரையோ மயக்க மருந்தோ தேவையா என்பதைக் கால்நடை மருத்துவரே நிர்ணயிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் சொன்ன மாத்திரை கூடவே கூடாது. சில மருந்துகள் உடலை மட்டும் அசையவொட்டாமல் செய்து, பயத்தை உள்ளே அப்படியே விட்டுவிடும். சடை பிடித்துப் புண்ணான நாய்க்கு ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து ரோமத்தை எடுப்பதே கருணை.

இவ்வளவுக்கும் பிறகு கடித்துவிட்டால்? அந்தக் கணமே காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதுவும் வைக்கலாகாது. தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று அலட்சியம் செய்யாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். வெறிநோய் கண்டபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. முன்னால் தடுத்தால் பயமில்லை. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்ட காலத்தில் இந்தச் சிகிச்சைக்காக மலையேறிப் போனவர்கள் உண்டு. தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போட்ட அந்தப் பழைய மருந்து 2004-ஆம் வருஷத்தோடு நம் நாட்டில் ஒழிந்தது. இப்பொழுது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கையில் தோலுக்குள் போடும் முறை வந்திருக்கிறது: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆவது நாட்கள். ஆழ்ந்த காயமானால் முதல் நாளே காயத்திலும் ஒரு மருந்து செலுத்துவார்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். அதற்காக ஊசியை ஒத்திப்போடக் கூடாது.

ஊசி இலவசமாகக் கிடைக்கலாம். அந்த இளைஞரின் நாட்கூலி இலவசமாகக் கிடைக்காது. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, வேலை செய்ய முடியாத நாட்களுக்கு உரிய தொகையைக் கேளாமலே கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்பது நமது அபிப்பிராயம். நாயைப் பழக்காமல் விட்டது நாயின் குற்றமும் அன்று. குரூமரின் குற்றமும் அன்று.