பெரிய லென்ஸ் வாங்கும் முன் ஒரு நிமிஷம்

"இந்த லென்ஸ் எவ்வளவுப்பா?" என்று அம்மா போனில் கேட்டார். பாதி விலைதான் சொன்னேன். அதற்கே, "அந்தக் காசுக்கு ஊர்ல ஒரு போர் போட்டிருக்கலாமேடா" என்றார்.

சிங்கப்பூர் வந்த புதிதில் வாரம் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் நொந்து, 2016-ல் ஒரு நிக்கான் பி900 வாங்கினேன். லென்ஸ் மாற்ற முடியாத சாதாரண கேமரா. ஆனால் 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமம். சனிக்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குக் கிளம்பிவிடுவேன். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம்.

அந்தக் கேமராவில் குறைகள் உண்டு. மேகம் மூடினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். மீன்கொத்தி பாய்ந்தால், ஃபோக்கஸ் கிடைப்பதற்குள் அது மீனோடு திரும்பியிருக்கும். அதனால் எந்தக் குச்சியில் அது மறுபடி வந்து உட்காரும், பாயும் முன் எப்படித் தலையை ஆட்டும் என்றெல்லாம் கவனிக்க வேண்டியிருந்தது. கேமராவின் குறைதான் எனக்குப் பறவையைக் கற்றுக்கொடுத்தது.

பிறகு எல்லோரையும் போல எனக்கும் ஆசை வந்தது. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவும் 200-600 லென்ஸும் வாங்கினேன். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். வித்தியாசம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சென்சாரின் பரப்பு பி900-ஐவிடச் சுமார் 30 மடங்கு. பறவையின் கண்ணைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது. இறகின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது.

ஆனால் கடையில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. 2000-லிருந்து 600-க்கு வந்தால் படத்தில் பறவை சின்னதாகத்தான் விழும். வெட்டிப் பெரிதாக்கலாம்தான், ஆசை கேட்குமா? இன்னும் நாலடி, இன்னும் ரெண்டடி என்று கால் தானாக முன்னே போகும். இவ்வளவு செலவு பண்ணிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்ற எண்ணம் வேறு பின்னாலிருந்து தள்ளும்.

போன வருஷம் ஒரு பூங்காவில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. சுற்றி இருபது டிரைபாட். அதில் ஒன்று என்னுடையது. படத்துக்கு மறைக்கிறதென்று யாரோ இலைகளைக் கிள்ளிவிட்டிருந்தார்கள். தாய்ப்பறவை வாயில் இரையோடு கிளைக்குக் கிளை தாவியதே தவிர, கூட்டுக்குப் போகவில்லை. கூட வந்திருந்த என் எட்டு வயது மகள் கேட்டாள்: "அப்பா, அது ஏன் உள்ள போக மாட்டேங்குது?"

"நாம நிக்கிறதாலம்மா" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டிரைபாடை மடக்கிக்கொண்டு தூரமாக வந்தோம். அங்கிருந்து என் லென்ஸில் கூடு பொட்டு மாதிரிதான் தெரிந்தது. மகள் கையில் அந்தப் பழைய பி900 இருந்தது. அவள்தான் படம் எடுத்தாள். மற்றவர்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் ஐ.டி. வேலையில், எங்கே அடைக்கிறது என்று பார்க்காமல் சர்வரைப் பெரிசாக்குவோமா? அதேதான் இங்கும். வெளிச்சமும் வேகமும் மட்டும்தான் உங்கள் தடை என்றால் தாராளமாக மாறுங்கள். முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். தடை பொறுமையில் என்றால், எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. இங்கே அனுமதியில்லாமல் காட்டுயிர்களுக்கு உணவு போடுவது 2020 முதல் குற்றம். ஆனால் எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாதென்று பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒருநாள் கிடைக்கும் சந்தோஷத்தையே அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரு படம்தான்.