லினக்ஸ் போட்டாச்சு, வைஃபை காணோம்... தப்பு யார் மேல?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திண்டுக்கல்லில் சித்தி வீடு. தங்கச்சியின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு முடித்துவிட்டு, "பாரு, எவ்ளோ வேகமா ஓபன் ஆகுது!" என்று பெருமையாகத் திருப்பிக் காட்டினேன். அவள் கண் போனது வேறு இடத்துக்கு. "அக்கா, வைஃபைனு ஒண்ணையே காணோமேக்கா..."

உண்மைதான். சிக்னல் ஐகான் இல்லை. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 'வைஃபை அடாப்டர் இல்லை' என்று வருகிறது. வீடியோ போட்டால் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. மறுநாள் காலை 10 மணிக்கு அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. பி.காம் கடைசி வருஷம், முதல் இன்டர்வியூ. விண்டோஸை ஏற்கெனவே அழித்தாகிவிட்டது. அழித்தது நான்தான்.

சமையலறையிலிருந்து சித்தி கேட்டார்: "நல்லா ஓடிட்டு இருந்ததைப் போய் ஏண்டி நோண்டுன?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது.

ஏன் எல்லோரும் லினக்ஸ் பக்கம் பார்க்கிறார்கள்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நன்றாக ஓடுகிற எத்தனையோ லேப்டாப்கள் இதனால் 'தகுதி இல்லை' பட்டியலுக்குப் போய்விட்டன. இன்னொரு பக்கம், காசு மிச்சமாகுமே என்று விண்டோஸ் இல்லாத 'டாஸ்' லேப்டாப்பை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் நம்மைப் போன்றவர்கள் சொல்வது ஒரே வரிதான்: "லினக்ஸ் போட்டுடு, ஃப்ரீதான்."

அந்த வரியில் பாதிதான் உண்மை. சாஃப்ட்வேர் ஃப்ரீ. வைஃபை வராத அந்த ராத்திரி ஃப்ரீ கிடையாது. அதை யோசனை சொன்னவர் அனுபவிப்பதில்லை, லேப்டாப்பின் சொந்தக்காரர்தான் அனுபவிக்கிறார்.

ஹார்டுவேர் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன்?

வைஃபை கார்டு, சவுண்ட் சிப், டச்பேட் என ஒவ்வொன்றுக்கும் டிரைவர் என்ற மொழிபெயர்ப்பாளர் தேவை. சிப்புக்குள்ளேயே ஓடுகிற சின்ன புரோகிராமான ஃபர்ம்வேரும் பல நேரம் தேவை. விண்டோஸில் லேப்டாப் கம்பெனியே இதையெல்லாம் போட்டுத் தருகிறது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னலுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. சிப் செய்தவர் டிரைவரைக் கொடுத்திருந்தாலோ, வேறு யாராவது எழுதியிருந்தாலோ, எதையும் இன்ஸ்டால் செய்யாமலே எல்லாம் ஓடும். இல்லையென்றால் அந்த சிப் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாதது போலத்தான்.

பட்ஜெட் லேப்டாப்பில் சிக்கல் கூடுவதற்குக் காரணம் விலைதான். செலவைக் குறைக்க மலிவான வைஃபை சிப் போடுவார்கள். ஒரே மாடல் பெயரில் வரும் இரண்டு லேப்டாப்களுக்குள் வேறு வேறு சிப் இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் "என் ஃப்ரெண்டு அதே மாடல்லதான் போட்டான், சூப்பரா ஓடுது" என்பதை அப்படியே நம்ப முடியாது.

ரியல்டெக்கின் ஆர்டிஎல்8821சிஇ நல்ல உதாரணம். குறைந்த விலை லேப்டாப்களில் அதிகம் பார்க்கிற வைஃபை சிப் இது. பழைய கர்னலில் இதற்கு டிரைவர் கிடையாது. தனியாகத் தேடிப் போட வேண்டும். பிறகு வந்த கர்னல்களில் டிரைவர் உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆக, சிப் அதேதான், லேப்டாப் அதேதான். எந்த வருஷத்து லினக்ஸைப் போடுகிறீர்கள் என்பதே வைஃபை வருமா, வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

சரி, மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

அந்த ராத்திரி தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இன்டர்நெட். வைஃபை டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும்! இந்த முடிச்சை அவிழ்ப்பது உங்கள் கையிலிருக்கும் போன்தான். சார்ஜர் கேபிளால் ஆண்ட்ராய்டு போனை லேப்டாப்பில் இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது. கேபிள் மட்டும் சார்ஜுக்கு மட்டுமேயானதாக இல்லாமல், டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, முழு அப்டேட். நெட் வந்ததும் வேறு எதையும் தொடாமல் அப்டேட்டை முடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிய கர்னலும் ஃபர்ம்வேரும் வந்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். சவுண்ட் செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்குப் பதிலாக 'டம்மி அவுட்புட்' என்று வந்தால், பெரும்பாலும் ஃபர்ம்வேர் இல்லாத கோளாறுதான். ஸ்பீக்கர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, டிரைவர் மேனேஜர். லினக்ஸ் மின்ட்டில் இந்தப் பெயரிலேயே இருக்கிறது. உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்'. பழைய பிராட்காம் வைஃபை சிப்களுக்கான டிரைவர் பெரும்பாலும் இங்கேயே காத்திருக்கும்.

நான்காவது, செக்யூர் பூட். நான் சறுக்கியது இங்கேதான். தனியாக டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் ஒரு திரை வரும். அதில் 'என்ரோல்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். ஏதோ எரர் என்று நினைத்து நான் என்டர் தட்டிக் கடந்துவிட்டேன். டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருந்தது, ஆனால் கையெழுத்து சரிபார்க்கப்படாததால் லோடு ஆகவில்லை. இதற்கே இரண்டு மணி நேரம் போனது.

ஐந்தாவது, சிப்பின் பெயர். எதுவும் நடக்கவில்லையென்றால் 'லேப்டாப் வைஃபை வரலை' என்று தேடுவதில் பயனில்லை. டெர்மினலைத் திறந்து, எல்எஸ்பிசிஐ என்ற கமாண்டைச் சின்ன ஆங்கில எழுத்துகளில் அடித்தால், உள்ளே இருக்கும் சிப்களின் பெயர்கள் வரும். அந்தப் பெயரையும் உங்கள் கர்னல் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். கிடைக்கிற கமாண்டை எல்லாம் காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். எட்டு வருஷத்துக்கு முந்தைய தீர்வு இன்றைய சிஸ்டத்தைக் கெடுத்துவிடலாம்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் முக்கியம். கைரேகை சென்சார்கள் பலவற்றுக்கு லினக்ஸில் டிரைவரே கிடையாது. அதற்காக ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைவிட, பாஸ்வேர்டு அடித்துவிட்டுப் போகலாம். வைஃபை கடைசிவரை வரவில்லையா? லினக்ஸில் ஓடும் என்று உறுதி செய்துகொண்டு, சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்குங்கள். அது தோல்வி இல்லை.

அப்போ தப்பு யார் மேல?

முதல் தப்பு என் மேல். லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை, சத்தம், டச்பேட், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம். நான் அதைச் செய்யவில்லை. இன்னொருத்தர் லேப்டாப்பில் கை வைக்கும் முன் டேட்டாவைக் காப்பி எடுப்பதும், இந்தச் சோதனையைச் செய்வதும், அடுத்த ஒரு வாரம் போனை எடுப்பதும் நம் பொறுப்பு. அதற்குத் தயாரில்லை என்றால் "லினக்ஸ் போட்டுடு" என்று சொல்லாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது தப்பு விற்கிறவர்கள் மேல். லேப்டாப் பெட்டியில் ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே என்ன வைஃபை சிப் என்று இருக்காது. விண்டோஸ் இல்லாமல் ஒரு லேப்டாப்பை விற்கிற கம்பெனி, அதில் வேறு எது ஓடும் என்று ஒரு வரி சொல்ல வேண்டாமா?

அழுத்தம் கொடுத்தால் மாற்றம் வரும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2012-ல் பின்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில், லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், என்விடியா ஒத்துழைப்பதில்லை என்று கேமராவைப் பார்த்து நடுவிரலையே காட்டினார். 2022-ல் அதே என்விடியா தன் கர்னல் டிரைவர்களை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. ஃபர்ம்வேர் விஷயத்தில் கறாராக இருந்த டெபியனும் இறங்கிவந்து, 2023-ல் வெளியான 12-ம் பதிப்பிலிருந்து தனியுரிம ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டது.

நம் ஊரில் இந்த அழுத்தத்தைத் தரக்கூடியவர்கள் மொத்தமாக வாங்குகிறவர்கள்தான். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான மாணவர்களின் கையில் லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. அரசும் கல்லூரிகளும் டெண்டர் விடும்போது, 'வைஃபை, சத்தம், டச்பேட், ஸ்லீப் நான்கும் லினக்ஸிலும் வேலை செய்ய வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கட்டும். கம்பெனிகள் தானாகவே சரியான சிப்பைத் தேர்ந்தெடுக்கும். கடையில் தனியாளாக நாம் கேட்பதைவிட அந்த ஒரு வரிக்கு பலம் அதிகம்.

அந்த ஞாயிறு ராத்திரி பத்தேகாலுக்கு வைஃபை ஐகான் வந்தது. சத்தம் வர பதினொன்றரை ஆனது. கைரேகை சென்சார் இன்னும் வரவில்லை, இனியும் வராது. எதற்கும் இருக்கட்டும் என்று போனையும் பக்கத்தில் சார்ஜ் போட்டு வைத்துவிட்டுத்தான் திங்கட்கிழமை தங்கச்சி இன்டர்வியூவில் உட்கார்ந்தாள். நடுவில் ஒருமுறைகூட கட் ஆகவில்லை.

முடித்துவிட்டு வந்தவள் சொன்னாள்: "லேப்டாப் இப்போ நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அடுத்த தடவை நோண்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட தேதி கேட்டுக்கோ."