காருக்கு எதற்கு வால்?

எங்கள் திருமயத்துக்கு ஒரு பக்கம் புதுக்கோட்டை, இன்னொரு பக்கம் காரைக்குடி. இரண்டும் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இந்தச் சாலையில் இப்போதெல்லாம் ஒரு வகைக் கார் அடிக்கடி கண்ணில் படுகிறது. முப்பது வயதைக் கடந்த மாருதி 800. பின்கதவின் மேல், காக்கை உட்காரத் தோதாக, ஃபைபரில் ஒரு நீண்ட வால். முன் பம்பருக்குக் கீழே தரையை உரசும் ஒரு தாடி. இரண்டுக்கும் ஸ்பாய்லர் என்றுதான் பெயர். பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு வந்த ஆசை இது.

"அவன் கார், அவன் காசு, உங்களுக்கு எங்கே ஐயா வலிக்கிறது?" என்று கேட்பீர்கள். வலிக்கத்தான் செய்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்பாய்லருக்கு விரோதி இல்லை. வேலை இருக்கும் இடத்தில் அது அருமையான சாமான். கார் வேகமாகப் போகும்போது அதன் மேலே வழுக்கிச் செல்லும் காற்று காரைத் தூக்கப் பார்க்கும். தூக்கினால் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். அந்தக் காற்றோட்டத்தைக் கெடுப்பதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு மொழியில் 'பெக்கே' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அச்சுக்குப் போகும் தாளில் விட்டுப்போன வரிகளை எழுதி ஒட்டும் துண்டுச்சீட்டு. பணிக்காலம் முழுதும் கோப்புகளில் துண்டுச்சீட்டு ஒட்டிய எழுத்தருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. சீட்டு தேவை என்றால் ஒட்டலாம். ஆனால் அடியில் இருக்கும் மூலத்தாள் கிழியக் கூடாது. வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் அது.

ஜப்பானியக் கார்களில் இந்தச் சாமானுக்குப் பெயர் வாங்கித் தந்தவற்றுள் முக்கியமானது டட்சன் 240 இசட். 1969இல் வெளிவந்த கார். அமெரிக்காவில் பீட் பிராக் என்பவர் நடத்திய பி.ஆர்.இ. குழு அதற்கு முன்னும் பின்னும் ஸ்பாய்லர் பொருத்திப் பந்தயத்தில் இறக்கி, தன் பிரிவில் 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் வென்றது. 1971இல் நிசான் நிறுவனமே ஜப்பானில் ஃபேர்லேடி 240 இசட்.ஜி. என்ற பெயரில் நீண்ட மூக்கு வைத்த காரை விற்பனைக்கு விட்டது. பந்தயத்தில் அந்தத் தகட்டுக்கு வேலை இருந்தது. வேலை இருந்ததால் அழகும் வந்தது.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 160 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்பாய்லர் 16 பங்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டரில் அது ஒரு பங்குதான். நம் கடைவீதியில் மாட்டுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே 20 கிலோமீட்டரில் ஊர்ந்தால் கால் பங்கு. அதிலும் மாருதி 800 முன்சக்கரம் இழுத்து ஓடும் வண்டி. 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர். இழுக்கிற சக்கரம் முன்னால் இருக்க, பின்னால் வால் வைத்து எதை அழுத்துகிறார்கள்?

வேகம் தெரிந்தவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் இறுதியில் இதே மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று. இன்று செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்குக் கரிவரதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வேகம் வேண்டும் என்றதும் அவர் குடும்பக் காருக்கு வால் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, வேறு ஒரு காரையே கட்டினார்.

சரி, பயன் இல்லாவிட்டால் போகட்டும், அலங்காரம்தானே என்று விடலாம். விட முடியாததற்குக் காரணம் துளை. இந்த வாலை ஒட்டுப்பட்டையால் மட்டும் நிறுத்துபவர்கள் உண்டு. ஆனால் பல பட்டறைகளில் டிரில்லிங் மெஷினை எடுத்துப் பின்கதவில் நாலு துளை போட்டு ஸ்குரூவை முடுக்கிவிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகடு அது. துளையின் விளிம்பில் பெயிண்ட் போய்ப் பச்சை இரும்பு தெரியும். ஐப்பசி மழை ஸ்குரூவின் ஓரமாக இறங்கி உள்ளே தங்கும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே துரு தின்ன ஆரம்பித்திருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் டிங்கர் வந்து பின்கதவையே வெட்டுவார். சக்கர மேல்வளைவை வெட்டி அகலச் சக்கரம் மாட்டுகிறவர்கள் கதை இன்னும் மோசம். வெட்டியது திரும்ப வராது. கழற்றிய ஒரிஜினல் பம்பர் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

சேர்ப்பதற்காக மூலத்தை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு ஊர் போக வேண்டியதில்லை. நம் மலையடிவாரத்துச் சிவன் கோயில் குடைவரைச் சுவரைப் பாருங்கள். குடுமியான்மலையில் இருப்பதுபோல இங்கும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. அதில் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையே இருந்த வழக்கைத் தீர்த்த செய்தியை 13ஆம் நூற்றாண்டில் மேலே பொறித்துவிட்டார்கள். தீர்ப்பும் முக்கியம்தான், வெட்டியவர்கள் தீயவர்களும் அல்லர். பக்கத்தில் வேறு பாறை இல்லாமலா போயிற்று? இன்று அந்தப் பண் எப்படி இருந்தது என்று முழுதாகச் சொல்ல ஆள் இல்லை. 1687இல் கட்டிய நம் கோட்டையில் ஓர் ஆணி அடிக்க விடாமல் தொல்லியல் துறை காவல் நிற்கிறது. முப்பது நாற்பது வயதான இயந்திரத்துக்குத்தான் காவல் இல்லை.

காரையும் கல்வெட்டையும் ஒன்றாகப் பேசலாமா என்று சிரிக்க வேண்டாம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இந்தியாவில் 26 லட்சத்துக்கும் மேல் விற்றது. சம்பளக்காரன் தன் குடும்பத்தை மழையில் நனையாமல் ஏற்றிப் போக முடியும் என்று ஆனது அந்தக் காரால்தான். அந்த முதல் கார் எங்கே இருந்தது தெரியுமா? உரிமையாளர் 2010இல் காலமான பிறகு தில்லியில் வீதியோரம் துருப்பிடித்துக் கிடந்தது. பின்னால் மாருதி நிறுவனமே அதைச் சீர்செய்து தன் தலைமையகத்தில் வைத்திருக்கிறது. முதல் காருக்கே அந்த நிலை என்றால் நம் வீட்டுக் கொட்டகையில் நிற்பதற்கு என்ன கதி?

இப்போது அரசாங்கத்திடம் வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். ஜீப்பின் முன்னால் கட்டும் இரும்புக் கம்பிகள் நடந்து போகிறவன் உயிருக்கு ஆபத்து, காற்றுப்பையும் சரியாக வேலை செய்யாது என்பதால், அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நியாயமான சட்டம். ஆனால் அது தடுப்பதற்காக எழுதிய சட்டம், காப்பதற்காக எழுதியது அல்ல.

காப்பதற்கென்று ஒரு விதி 2021இல் வந்தது. 50 வயது நிறைந்து, மூல வடிவத்தில் இருக்கும் வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' பதிவு. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நல்லது. ஆனால் 15 வயது முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்களே! அதாவது 15 வயதில் அது பழைய இரும்பு, 50 வயதில் பொக்கிஷம். நடுவில் உள்ள 35 ஆண்டு அநாதை. முதல் மாருதி 800க்கு 50 வயது ஆவது 2033 டிசம்பரில். அதுவரை துளை இல்லாமல், வெட்டு இல்லாமல் எத்தனை மிஞ்சும்?

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. ஃபிவா என்பார்கள், பெயரே பிரெஞ்சில்தான். அவர்கள் கணக்கில் 30 வயது ஆனாலே அது வரலாற்று வாகனம். பிரான்சிலும் சேகரிப்பு வாகனம் என்று பதிவு வாங்க 30 வயது போதும். ஃபிவாவின் டுரின் பட்டயம் மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் செய்யும் மாற்றம் உறுத்தாமல் இருக்கட்டும், கூடியவரை கழற்றக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய மூல பாகங்களை வண்டியோடே பத்திரமாக வையுங்கள் என்பது அதன் சாரம். எங்கள் துண்டுச்சீட்டு விதியேதான். நம் அரசும் 30 வயதில் ஒரு நடுத்தரப் பதிவு கொடுக்கட்டும். மூல வடிவத்தில் வைத்திருப்பவனுக்குக் கட்டணத்தைக் குறைக்கட்டும். அபராதத்தைவிட அது அதிகக் கார்களைக் காப்பாற்றும்.

"உங்கள் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? அம்பாசிடருக்குத் திரைச்சீலை, டாஷ்போர்டில் மின்விசிறி, கூரையில் கேரியர் எல்லாம் மாட்டவில்லையா?" என்று என் உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மாட்டினோம். திரைச்சீலை கம்பியோடு கழன்று வரும். கேரியரின் கொக்கி கூரை ஓரத்து மழைநீர்க் காலைப் பிடித்து நிற்கும், கழற்றினால் தடம்கூட இராது. அப்படி அன்று மாட்டிய சாமான்களும் இன்று அந்தக் காலத்துக்குச் சாட்சி. 240 இசட்டுக்கு அன்று பி.ஆர்.இ. செய்த ஸ்பாய்லரை இன்று தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் 1980களில் காருக்கு வாங்கிய மூடுபனி விளக்கோ, வீல் கப்போ பரணில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். அதுவும் அந்தக் கோப்பின் பக்கம்தான்.

என் வயதொத்த வாசகர்களே, இந்தக் கார்களில் பாதி நம் பெயரில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் நம் பீரோவில்தான் தூங்குகிறது. பேரன் வந்து கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். அவனுக்காவது பழைய வண்டி மேல் ஆசை இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள். வால் வேண்டும் என்றால் ஒட்டுப்பட்டையில் ஒட்டிக்கொள்ளட்டும், நாலு மாதத்தில் அவனுக்கே அலுத்துவிடும். கழற்றும் சாமானை ஒரு சாக்கில் கட்டி, என்ன, எப்போது கழற்றியது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போடச் சொல்லுங்கள். டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தால் மட்டும் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.