ஒரே சேனல், இரண்டு தீர்ப்பு

‘தறிக்காரனுக்கு ஏது சொந்தக் கருத்து? கைபேசியில் வருவதுதான் அவன் கருத்து’ என்று ஒரு கட்டுரையில் சொல்கிறார் நண்பர். திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு குழித்தறி அருகே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இதை எழுதியிருக்கலாம்.

வதந்திக்கு வலிமை உண்டு, மறுக்கவில்லை. 2018 மே மாதம் போளூர் அருகே, பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் புரளியை நம்பி, கோயிலுக்கு வந்த மூதாட்டியை அடித்தே கொன்றது இதே வட்டாரம்தான். ஆனால் அது பயம். அரை மணியில் பற்றிக்கொள்ளும். ஓட்டு அப்படி விழுவதில்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் திமுக பக்கம் போனது. வந்தவாசியும் செய்யாறும் கூடவே போயின. பக்கத்திலேயே ஆரணியும் போளூரும் அதிமுகவைத் தேர்ந்தெடுத்தன. நான்கு ஊருக்கும் ஒரே சேனல்கள், ஒரே வாட்ஸ்அப். பிறகு ஏன் இரண்டு தீர்ப்பு? நண்பரின் கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை.

தறிமேல் கைபேசி கத்திக்கொண்டுதான் இருக்கும். நாடா ஓடும் சத்தத்தில் பாதி காதில் விழாது. இழை அறுந்து, முடிச்சுப் போட நிறுத்தும்போதுதான் பேச்சே தொடங்கும். முதல் கேள்வி, ‘கூலி ஏத்துனாங்களா?’