கணினியோடு பழகுவோம்: பெரிய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஏறவில்லையா?



பதுளை, பசறை, பண்டாரவளைப் பகுதிகளில் தட்டச்சு வேலைக்கும், தோட்டத்துப் பிள்ளைகளின் வகுப்புக்கும் பழைய கணினிகளே இன்றும் கைகொடுக்கின்றன. போரில் இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள், வேறெங்கும் பிரதியில்லாத படங்கள் எல்லாம் சில கணினிகளில் இருக்கின்றன. இடம் போதாமல் பெரிய டிஸ்க் ஒன்றைப் பூட்டி விண்டோஸ் பதிக்கும்போது, “இந்த டிஸ்க்கில் பதிக்க முடியாது” என்று செய்தி வரலாம். டிஸ்க் பழுதென்று உடனே எண்ணிவிடாதீர்கள்.

டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதைக் குறித்து வைக்கும் அட்டவணை ஒன்று உண்டு. 1983 முதல் வழக்கிலுள்ள எம்.பீ.ஆர். அட்டவணை, சாதாரண டிஸ்க்கில் 2 டெராபைட் வரையே கணக்கெடுக்கும். 4 டெராபைட் டிஸ்க் வாங்கினாலும் பாதி வீணாகும். ஜீ.பீ.ரீ. என்ற புதிய அட்டவணைக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அதிலிருந்து விண்டோஸ் தொடங்க, கணினி யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் இயங்க வேண்டும். பழைய பயாஸ் முறையில் இயங்கினால் விண்டோஸ் மறுத்துவிடும்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் ஆவணங்களை வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுங்கள். அங்கே சிலவற்றைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

2. கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இரு தடவை தெரியலாம். யூ.ஈ.எஃப்.ஐ. என்று முன்னால் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

3. இப்போது டிஸ்க் எம்.பீ.ஆர். என்று கூறி மறுத்தால், பதிக்கும் திரையில் அதன் பகுதிகளை எல்லாம் டிலீட் செய்யுங்கள். வெற்றிடத்தைத் தெரிவு செய்தால் விண்டோஸ் ஜீ.பீ.ரீ. அட்டவணையைத் தானே அமைக்கும். இதனால் அந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழியும்.

4. கணினியில் யூ.ஈ.எஃப்.ஐ. வசதியே இல்லையென்றால், சிறிய டிஸ்க் ஒன்றில் விண்டோஸைப் பதியுங்கள். பெரியதை ஜீ.பீ.ரீ. ஆக்கி ஆவணங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

திருத்தும் கடைக்குக் கொடுப்பதானால், “பிரதியெடுக்காமல் எதையும் அழிக்க வேண்டாம்” என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். விண்டோஸை எத்தனை தடவையும் பதியலாம். அழிந்துபோன படத்தையோ கடிதத்தையோ எந்தக் கடையாலும் நிச்சயமாக மீட்டுத் தர முடியாது.