"யாருக்கும் தெரியாத அருவி" தேடி வர்றவங்களுக்கு ஒரு த்ரெட்

தேனி மாவட்டக் கூடலூர்ப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரா இருக்கேன். (ஊட்டிக்குப் பக்கத்துல இருக்குற கூடலூர் இல்லைங்க. குமுளி மலை ஏறுறதுக்கு முன்னாடி வர்ற கூடலூர்.) லீவுக்கு மேகமலை, சுருளின்னு கிளம்புறவங்க இதை முழுசா படிச்சிடுங்க. கொஞ்சம் கோபமாத்தான் எழுதியிருக்கேன்.

கொஞ்ச நாள் முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இருபது வயசு சொச்சத்துல ஒரு பையனை பைக்ல நடுவுல உட்கார வச்சு, பின்னாடி ஒருத்தன் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கொண்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) பாறை மேல இருந்து தலைகீழா குதிச்சிருக்கான். தண்ணி பார்க்க ஆழமா இருந்துச்சாம். அடியில பாறை.

"சார், கால் மரத்துப்போன மாதிரி இருக்கு, ஊசி போட்டா சரியாயிடுமா?"ன்னு கேட்டான்.

கழுத்தெலும்பு உடைஞ்சு தண்டுவடம் நசுங்கினவனுக்கு நான் என்ன ஊசி போட? கழுத்துக்குக் காலர் போட்டு 108-ல் ஏத்தி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். இங்கிருந்து 60 கிலோமீட்டருக்குக் கிட்ட. அப்புறம்தான் கூட வந்தவங்க போனைக் காட்டினாங்க. ஒரு ரீல். மேகமலையில் யாருக்கும் தெரியாத சீக்ரெட் அருவியாம். லொகேஷன் வேணும்னா மெசேஜ் பண்ணணுமாம்.

ரீல் போடுற தம்பிகளே, இந்த மலையில யாருக்கும் தெரியாத அருவின்னு ஒண்ணு கிடையாது. தலைமுறை தலைமுறையா இங்க இருக்குற பளியர்களுக்குத் தெரியும். மாடு மேய்க்கிறவங்களுக்குத் தெரியும். யானைக்குத் தெரியும். அங்க எப்போ போகக்கூடாதுன்னும் அவங்களுக்குத் தெரியும். உங்க முப்பது செகண்ட் வீடியோவுல அந்த ஒண்ணுதான் இல்ல.

மேகமலை சும்மா ஒரு டீ எஸ்டேட் மலை இல்ல. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமா அறிவிச்சாங்க. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. அனுமதி இல்லாம உள்ள போனா வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் டவுன் தெருவுக்குள்ளயே ஓடினதை டிவியில பார்த்திருப்பீங்க. ஊருக்குள்ளயே அப்படின்னா, அது வாழுற இடத்துக்குள்ள ஸ்பீக்கர்ல பாட்டு வச்சுக்கிட்டுப் போறவங்களை என்ன சொல்றது?

அடுத்து தண்ணி. சுருளியில நீங்க நிக்கிற இடத்துல வெயில் சுள்ளுனு அடிக்கும். மேல மலையில மழை கொட்டிட்டு இருக்கும். அந்தத் தண்ணி வந்து சேரும்போது யோசிக்க நேரம் இருக்காது. திடீர்னு கலங்கலா வந்தாலோ, இலை குச்சி அடிச்சுட்டு வந்தாலோ, சத்தம் மாறினாலோ உடனே கரையேறணும். வனத்துறை குளிக்கத் தடை போட்டா "இவ்ளோ தூரம் வந்துட்டோமே"ன்னு கேட்ல சண்டை போடுறீங்க. அந்த கேட்ல நிக்கிறவர்தான் உங்களைக் காப்பாத்துறார். பெயர்ப் பலகையே இல்லாத உங்க சீக்ரெட் அருவியில அப்படி ஒருத்தர் நிக்க மாட்டார்.

குரங்கணியை மறந்துட்டீங்களா? 2018 மார்ச் 11. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்தவங்களைக் காட்டுத்தீ சுத்தி வளைச்சுது. செத்தவங்க 20 பேருக்கு மேல. நிறைய பேர் அன்னைக்கே சாகல. மதுரையிலயும் மத்த ஊர் ஆஸ்பத்திரிகள்லயும் நாள் கணக்கா போராடிப் போனாங்க. பெரிய தீக்காயம் அப்படித்தான். முதல் நாள் தெளிவா பேசி, வீட்டு நம்பர் சொல்லித் தண்ணி கேட்பாங்க. பத்தாவது நாள் கட்டில் காலியா இருக்கும். அதைப் பார்த்த எந்த டாக்டரும், நர்ஸும் "அட்வென்ச்சர்"ங்கிற வார்த்தையை லேசா சொல்ல மாட்டாங்க.

அப்போ எல்லாத்தையும் இழுத்து மூடிடலாமா? அதுவும் எனக்கு ஒப்புக்க முடியல. முன் கேட்டைப் பூட்டினா பின்பக்கமா தோட்டம் வழியா ஏறுவான். ஒருத்தன் ஏறினா அவன் ஒரு ரீல் போடுவான். "ஆபத்தான பகுதி"ன்னு போர்டு வச்சதோட வேலை முடிஞ்சதுன்னு அரசு நினைக்கக் கூடாது, நான் அரசு ஊழியரா இருந்துக்கிட்டே சொல்றேன். குளிக்க விடுற ஒவ்வொரு இடத்துலயும் நீச்சல் தெரிஞ்ச, முதலுதவிப் பயிற்சி எடுத்த ஆள் இருக்கணும். ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு கழுத்துக் காலர். இதுக்கு எவ்ளோ செலவாயிடும்?

முடியாதுன்னு சொல்லாதீங்க. மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருஷத்துல ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு, நம்ம பளியன்குடி வழியா ஆயிரக்கணக்கான ஜனம் காட்டுக்குள்ள ஏறுது. ஆறு கிலோமீட்டருக்கு மேல செங்குத்தா. ரெண்டு மாநிலமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, எத்தனை மணிக்கு ஏறணும், எப்போ இறங்கணும், தண்ணி எங்க, மெடிக்கல் கேம்ப் எங்கன்னு முடிவு பண்றாங்க. நான் அங்க டூட்டி பார்த்திருக்கேன். எழுபது வயசுப் பாட்டி ஏறி இறங்கி, பிபி பார்த்துட்டு, "தம்பி சாப்டியா"ன்னு என்னைக் கேட்டுட்டுப் போனாங்க.

2024 அக்டோபர்ல அரசே "ட்ரெக் தமிழ்நாடு"ன்னு 40 பாதைகளோட ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு. ஆன்லைன்ல புக் பண்ணலாம், பயிற்சி எடுத்த உள்ளூர் ஆளுங்க கூட வருவாங்க. காசு கொடுத்து அதுல போங்க.

வர்றவங்களுக்கு என் தொழில் சம்பந்தமா நாலு வார்த்தை. குடிச்சுட்டு தண்ணியில இறங்காதீங்க. தலைகீழா குதிக்கவே குதிக்காதீங்க. கழுத்துல அடிபட்டவனைக் கையக் கால பிடிச்சுத் தூக்கி பைக்ல ஏத்தாதீங்க, ஆடாம அசையாம படுக்க வச்சு 108 கூப்பிடுங்க. மூழ்கினவன் வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கிறதெல்லாம் சினிமா. மூச்சு இல்லைன்னா முதல்ல வாயில மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க. பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, பாம்பை அடிச்சு எடுத்துட்டும் வராதீங்க. நேரா அரசு ஆஸ்பத்திரி. மருந்து இலவசம். அட்டை கடிச்சதுக்குப் பதறி ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம், அது தானா சரியாயிடும்.

ஊருக்குப் போய் ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல் வந்தா "காட்டுக்குப் போயிட்டு வந்தேன்"னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அக்குள், தொடை இடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு இருக்கான்னு பாருங்க. புதர்ல இருக்குற உண்ணி மாதிரி ஒரு குட்டிப் பூச்சி கடிச்சு வர்ற ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலயே சரியாகும், விட்டா நுரையீரல், கிட்னி வரைக்கும் போகும்.

அந்தப் பையன் குதிச்ச அருவி எதுன்னு இன்பாக்ஸ்ல கேட்காதீங்க. சொல்ல மாட்டேன்.